வாங்குபவரே நிர்ணயிக்கும் ஊதியம்: தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களுக்கும், அமைச்சர் பெருமக்களுக்கும், பேரவையின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாவட்டக் கருவூலம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊதியப் பட்டியல்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆசிரியர், காவலர், செவிலியர், வட்டாட்சியர், ஓட்டுநர் என ஆயிரக்கணக்கானோரின் சம்பளப் பட்டியல்கள் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. தொகை எவ்வளவு என்பதை வாங்குபவரே முடிவு செய்த பட்டியல் அவற்றில் ஒன்றுகூட இல்லை. ஓர் அலுவலகத்தின் பணம் பெற்று வழங்கும் அலுவலர் தம் ஊழியர் அனைவருக்கும் பட்டியல் போடுவார்; ஆனால் அவருடைய ஆண்டு ஊதிய உயர்வுக்கு அவருக்கு மேலுள்ளவர் ஆணையிட வேண்டும். அரசுப் பணத்தைக் கையாளும் எவருக்கும் பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம் இது. மாநிலத்தின் நிதி முழுவதற்கும் காவலாக இருக்கும் உங்கள் பேரவைக்கு மட்டும் இந்தப் பாடம் இன்றுவரை பொருந்தாமல் இருப்பதைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். சட்டமன்ற உறுப்பினருக்கும் அமைச்சருக்கும் ஊதியம் எதற்கு என்று கேட்பவர்களின் பக்கம் நான் இல்லை. பிரிட்டனில் 1838இல் உழைப்பாளர் இயக்கத்தினர் வெளியிட்ட மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளில் ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் வழங்க வேண்டும் என்பது. சம்பளம் இல்லாவிட்டால் நிலமும் ஆலையும் உள்ளவர்கள் மட்டுமே அவைக்குள் அமர முடியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தக் கோரிக்கை நிறைவேற 1911 ஆயிற்று. அந்த ஆண்டில்தான் அங்கே ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 400 பவுண்டு என்று முதன்முறையாக நிர்ணயித்தார்கள். கூலி வேலை செய்பவரின் மகளோ, மீனவரின் மகனோ தேர்தலில் வென்று சென்னைக்கு வந்தால், குடும்பத்தைப் பட்டினி போடாமல், எவரிடமும் கைநீட்டாமல் ஐந்தாண்டுகள் மக்கள் பணி செய்ய அவருக்குப் போதிய ஊதியம் வேண்டும். தொகை கூடுதலா குறைவா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதை யார், எப்போது, எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

அரசமைப்புச் சட்டம் இந்தப் பொறுப்பை உங்களிடமே விட்டிருக்கிறது. மாநில அமைச்சர்களின் ஊதியத்தைச் சட்டமன்றம் சட்டத்தின் மூலம் அவ்வப்போது நிர்ணயிக்கலாம் என்று 164ஆம் உறுப்பின் 5ஆம் கூறு சொல்கிறது. பேரவைத் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் 186ஆம் உறுப்பும், உறுப்பினர்களுக்கு 195ஆம் உறுப்பும் அதையே சொல்கின்றன. ஒன்றியத்தில் இதே ஏற்பாட்டை 75, 97, 106 ஆகிய உறுப்புகளில் காணலாம். நம் மாநிலத்தில் இவற்றின்படி இயற்றப்பட்டு, பலமுறை திருத்தப்பட்டிருப்பது 1951ஆம் ஆண்டின் ஊதியங்கள் வழங்கல் சட்டம். அரசமைப்பை வகுத்தவர்கள் இதை ஆட்சித்துறையின் கையில் கொடுக்காததற்கு நல்ல காரணம் இருந்தது. உறுப்பினரின் ஊதியத்தை அரசு தன் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் முடிந்தால், அரசைக் கேள்வி கேட்கும் உறுப்பினரின் வாயை அடைத்துவிடலாம். ஆகவே மன்றத்தின் தன்னுரிமையைக் காக்கவே அவர்கள் இப்படி எழுதினார்கள். ஆனால் தன்னுரிமையைக் காக்கும் அந்த ஏற்பாடே, பயனடைபவரும் முடிவெடுப்பவரும் ஒருவராகவே இருக்கும் நிலையையும் உண்டாக்கிவிட்டது. தன்னலம் சார்ந்த ஒரு தீர்மானத்தில் வாக்களிக்காமல் விலகி நிற்பது கூட்டுறவுச் சங்க இயக்குநருக்குக்கூட எதிர்பார்க்கப்படும் நெறி. உங்கள் ஊதியச் சட்டமுன்வடிவு வரும்போது அப்படி விலகி நிற்க அவையில் ஒருவரும் மிச்சமில்லை. வாக்கெடுப்பை நடத்தும் பேரவைத் தலைவரின் ஊதியமும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

இதன் விளைவை 2017இல் மக்கள் கண்கூடாகப் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 19ஆம் நாள், அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி க.பழனிசாமி, உறுப்பினர்களின் மாத ஊதியம் ரூ.55,000இலிருந்து ரூ.1,05,000ஆக உயரும் என்று பேரவையில் அறிவித்தார். ஜூலை முதல் நாளிலிருந்தே அது கணக்கில் கொள்ளப்பட்டது. முந்தைய வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போன ஆண்டு அது. நம் விவசாயிகள் தில்லி ஜந்தர் மந்தரில் கடன் தள்ளுபடி கேட்டு மீண்டும் போராட்டத்தைத் தொடங்கியிருந்த மாதம் அது. அறிவிப்புக்கான சட்டமுன்வடிவு 2018 ஜனவரியில் அவைக்கு வந்தபோது, ஊதிய ஒப்பந்தத்துக்காகவும் ஓய்வுக்காலப் பலன்களுக்காகவும் அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, பேருந்துகள் ஓடாமல் நின்றிருந்தன. அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலின் எதிர்ப்புத் தெரிவித்தார். ஆயினும் சட்டம் நிறைவேறியது.

அதே 2017இல் அரசு ஊழியர்களுக்கான ஏழாவது ஊதியக் குழுவின் பலனும் வந்தது. அதற்கு அலுவலர் குழு அமைக்கப்பட்டது, சங்கங்களின் கருத்துகள் கேட்கப்பட்டன, அறிக்கை பெறப்பட்டது, அக்டோபரில் ஆணை வெளிவந்தது. புதிய ஊதியம் 2016 ஜனவரி 1 முதல் கருத்தியலாக, அதாவது ஏட்டளவில் மட்டும், கணக்கிடப்பட்டாலும், பணமாகக் கைக்கு வந்தது 2017 அக்டோபர் 1 முதல்தான். இடைப்பட்ட 21 மாத நிலுவைத் தொகைக்காக ஊழியர்கள் 2019இல் வேலைநிறுத்தம் வரை போனார்கள். என் மேசையில் அந்த ஆண்டு இரண்டு வகை ஊதிய உயர்வுகளையும் பற்றிய பேச்சு ஒன்றாகவே அடிபட்டது. நிதிநிலை நெருக்கடியால் நிலுவை தர இயலாது என்ற அரசின் காரணத்தில் உண்மை இருந்திருக்கலாம்; ஆனால் அந்த நெருக்கடி ஒரு தரப்பின் உயர்வை மட்டும் தாமதப்படுத்தி, பேனாவைக் கையில் வைத்திருந்த தரப்பின் உயர்வை மூன்று மாதம் முன்கூட்டியே தர அனுமதித்தது என்பதை என்னுடன் பணியாற்றிய எவராலும் ஏற்க முடியவில்லை.

அந்த ரூ.1,05,000 எப்படி உருவாயிற்று என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கணக்கு எழுதியே பழகிய எனக்கு இங்கேதான் மனம் தங்குகிறது. ஊதியம் என்ற தலைப்பில் ரூ.8,000 இருந்தது ரூ.30,000 ஆனது. ஈட்டுப்படி ரூ.7,000இலிருந்து ரூ.10,000, தொலைபேசிப்படி ரூ.5,000இலிருந்து ரூ.7,500, தொகுதிப்படி ரூ.10,000இலிருந்து ரூ.25,000, தொகுப்புப்படி ரூ.2,500இலிருந்து ரூ.5,000, வாகனப்படி ரூ.20,000இலிருந்து ரூ.25,000 என்று உயர்ந்தன. அஞ்சல்படி மட்டும் ரூ.2,500 என்ற அளவிலேயே நின்றது. மொத்தத் தொகையில் ஊதியம் என்று பெயரிடப்பட்ட பகுதி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதைக் கவனியுங்கள். மீதி அனைத்தும் படிகள். படி என்பது செய்த செலவை ஈடுகட்டத் தரப்படுவது என்றுதான் நிதித்துறையில் எங்களுக்குக் கற்பித்தார்கள். கைப்பேசிக் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மலிவாகிக்கொண்டிருந்த காலத்தில் தொலைபேசிப்படி ஏன் ஒன்றரை மடங்கானது? கடிதப் போக்குவரத்து குறைந்துபோன காலத்திலும் அஞ்சலுக்கென்று தனிப்படி ஏன் நீடித்தது? மறுபுறம், பெரிய கிராமப்புறத் தொகுதி ஒன்றில் நாள் முழுவதும் சுற்றும் உறுப்பினருக்கும், சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அடங்கும் சென்னைத் தொகுதி உறுப்பினருக்கும் ஒரே வாகனப்படி எப்படிச் சரியாகும்? இந்தக் கேள்விகளுக்கு விடை இருக்கலாம். ஆனால் அந்த விடையை எழுதி வைத்த ஆவணம் எதையும் மக்கள் முன் வைக்காமலே தொகைகள் சட்டமாயின.

இது நம் மாநிலத்தின் தனிக் குறையன்று. 2010இல் நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியத்தை ஆராய்ந்த கூட்டுக்குழு, மாத ஊதியத்தை ரூ.16,000இலிருந்து ரூ.80,001ஆக உயர்த்தப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசின் செயலாளர் ஒருவர் ரூ.80,000 பெறுகிறார், மக்கள் பிரதிநிதி அவரைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாகப் பெற வேண்டும் என்பதே அந்த ஒற்றை ரூபாய்க்குக் காரணம். கடைசியில் அமைச்சரவை ரூ.50,000 என்று முடிவு செய்தது. அது போதாது என்று அவையில் எழுந்த எதிர்ப்பைத் தணிக்கப் படிகளில் மேலும் ரூ.10,000 சேர்க்கப்பட்டது. மரியாதை வரிசையில் யார் முன்னே என்ற அளவுகோலால் தொடங்கி, அவையில் எழும் சத்தத்தால் முடிவுக்கு வந்த அந்த நிகழ்வில், ஓர் உறுப்பினர் தன் பணியைச் செம்மையாகச் செய்ய எவ்வளவு தேவை என்ற கேள்விக்கு இடமே கிடைக்கவில்லை. அண்டை மாநிலமான கர்நாடகத்தில் 2025 மார்ச்சில் முதலமைச்சரின் ஊதியம் ரூ.75,000இலிருந்து ரூ.1,50,000ஆகவும், உறுப்பினர்களின் ஊதியம் ரூ.40,000இலிருந்து ரூ.80,000ஆகவும் உயர்த்தப்பட்டபோது, வேறு பிரச்சினைகளால் எழுந்த அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் அந்தச் சட்டமுன்வடிவுகள் நிறைவேறின.

வெளிக்கண் படாத ஏற்பாடு எவ்வளவு காலம் கேள்வியின்றி நிற்கும் என்பதற்கு உத்தரப் பிரதேசம் சான்று. அமைச்சர்களின் வருமான வரியை அரசுக் கருவூலமே கட்டும் என்று அங்கே 1981இல் எழுதப்பட்ட சட்டப்பிரிவு, கட்சிகள் மாறி மாறி ஆண்டபோதும் 2019 வரை செயலில் இருந்தது. அமைச்சர்கள் ஏழைகள் என்ற காரணம் அதற்குச் சொல்லப்பட்டதாம். 38 ஆண்டுகள் அதை எவரும் தொடவில்லை. செய்தி வெளியாகி மக்கள் கேட்ட பிறகே அது கைவிடப்பட்டது.

ஒன்றியத்தில் 2018இன் நிதிச் சட்டம் ஓரளவுக்கு நல்ல வழியைத் திறந்தது என்பதை மறுக்க மாட்டேன். உறுப்பினரின் ஊதியத்தை ரூ.1,00,000 என்று நிர்ணயித்து, இனி ஐந்தாண்டுக்கு ஒருமுறை, விலைவாசி ஏற்றத்தைக் காட்ட வருமான வரிச் சட்டத்தில் பயன்படும் செலவுப் பணவீக்கக் குறியீட்டெண்ணின்படி தானாக உயரும் என்று எழுதினார்கள். அந்தக் குறியீடு 2018-19இல் 280, 2023-24இல் 348. அதன்படி 2025 மார்ச்சில் வெளியான அறிவிக்கையில் ஊதியம் ரூ.1,24,000 ஆயிற்று. ஒன்றிய அமைச்சர்களும் மக்களவைத் தலைவரும் உறுப்பினருக்குரிய அளவிலேயே ஊதியம் பெறும் வகையில் அவர்களுக்கான சட்டங்கள் அமைந்திருப்பதால், இந்த மாற்றம் அவர்களையும் தொடும். என் போன்ற ஒருவன் வீட்டில் உட்கார்ந்து 348ஐ 280ஆல் வகுத்து அந்தத் தொகை சரியா என்று பார்க்க முடிகிறது. இந்த ஒன்றுக்காகவே அந்த முறையை மதிக்கிறேன். ஆனால் அதிலும் இரண்டு குறைகள் இருக்கின்றன. தொடக்கத் தொகையான ஒரு லட்சத்தை எந்தத் தனிக்குழுவும் ஆராய்ந்து சொல்லவில்லை. மேலும் 2025இல் வந்த உயர்வு 2023 ஏப்ரல் 1 முதல் பின்தேதியிட்டு வழங்கப்பட்டது. மேலே நான் சொன்ன 21 மாத நிலுவையை எண்ணிப் பார்ப்பவருக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்பதை உங்கள் சிந்தனைக்கு விடுகிறேன்.

பதவிக்கு வரும் முன்பே அதன் ஊதியம் தெரிந்திருக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய எண்ணமன்று. 1931இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, அரசுப் பணியில் இருப்பவர் எவருக்கும் பொதுவாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஊதியம் கூடாது என்று தீர்மானித்தது. ஆறாண்டுகள் கழித்து 1937இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அமைச்சரவை பொறுப்பேற்றபோது, அமைச்சர்கள் 500 ரூபாய்தான் பெற்றார்கள். வீடும் வாகனமும் அதற்கு மேலாக இருந்தன என்பது உண்மை. ஆகவே அந்த எண்ணைத் தியாகத்தின் அடையாளமாக நான் முன்வைக்கவில்லை. யார் அமைச்சராவார் என்றே தெரியாத காலத்தில், பொதுவெளியில், அந்தப் பதவிக்குரிய தொகை முடிவாகியிருந்தது என்பதைத்தான் சுட்ட விரும்புகிறேன். அமெரிக்க அரசமைப்பின் 27ஆம் திருத்தம் இதையே சட்டமாக்கியது. உறுப்பினர்களின் ஊதியத்தை மாற்றும் எந்தச் சட்டமும் இடையில் ஒரு பொதுத்தேர்தல் நடந்து முடியும் வரை நடைமுறைக்கு வரக்கூடாது என்ற அந்தத் திருத்தம் 1789இல் முன்மொழியப்பட்டு, மாநிலங்களின் ஒப்புதல் நிறைவடைந்து 1992இல்தான் அரசமைப்பில் இடம்பெற்றது. இருநூறு ஆண்டுகள் கழித்தும் அந்த எண்ணம் பழையதாகிவிடவில்லை.

பிரிட்டனில், உறுப்பினர்களின் செலவுக் கணக்குகள் 2009இல் அம்பலமாகி நாடே கொதித்த பிறகு, தனியான நாடாளுமன்றத் தர ஆணையம் ஒன்றை அமைத்து, ஊதியத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தையும் பின்னர் அதனிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஆணையம் 2015இல் ஊதியத்தை 67,060 பவுண்டிலிருந்து 74,000 பவுண்டாக உயர்த்தியபோது, பிரதமர் டேவிட் கேமரூன் உட்பட முன்னணித் தலைவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் அந்த உயர்வு நிற்கவில்லை. தனிக்குழு என்றால் ஊதியம் குறையும் என்று எதிர்பார்க்கும் பொதுமக்களுக்கும், தனிக்குழு என்றால் தங்களுக்கு இழப்பு என்று அஞ்சும் உறுப்பினர்களுக்கும் இந்த நிகழ்வு ஒரே பதிலைச் சொல்கிறது. ஆனால் அங்கேயும் அமைச்சர் பதவிக்கான கூடுதல் ஊதியம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசின் கையிலேயே விடப்பட்டிருக்கிறது. 2010 முதல் அமைச்சர்கள் தாமாகவே சட்டத்தில் உள்ளதைவிடக் குறைவாகப் பெற்று வருகிறார்கள். விட்டுக்கொடுப்பது நல்ல பண்பு என்றாலும், அதையே முறையாக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. நம் மாநிலத்திலும் 1991இல் முதலமைச்சரான ஜெ.ஜெயலலிதா மாதம் ஒரு ரூபாய் ஊதியம் பெற்றார். வேறு வருவாய் உள்ளவர் மட்டுமே ஊதியத்தை மறுக்க முடியும். மறுப்பது பெருமை என்றாகிவிட்டால், ஊதியத்தை நம்பி வாழும் எளிய உறுப்பினர் கூனிக் குறுகி நிற்க வேண்டியதாகிவிடும்.

தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரின் முறையையும் ஒரு வரி சொல்ல வேண்டும். அந்நாட்டுக் குடிமக்களில் அதிக வருவாய் ஈட்டும் ஆயிரம் பேரின் இடைநிலை வருவாயைக் கண்டு, பொதுத்தொண்டுக்காக அதில் 40 விழுக்காட்டைக் கழித்து, தொடக்கநிலை அமைச்சரின் ஊதியத்தை 2012 முதல் கணக்கிடுகிறார்கள். நம்மைப் போன்ற ஒரு மாநிலத்துக்கு அந்த அளவுகோல் சற்றும் பொருந்தாது. ஆனால் ஒரு வெளிக்குழு அதை ஆராய்ந்தது, சூத்திரத்தை அச்சிட்டு மக்கள் முன் வைத்தது, முந்தைய ஊதியங்களை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கவும் பரிந்துரைத்தது; அரசு அதை ஏற்றது.

நீதிமன்றம் இதைத் தீர்க்கும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஓய்வூதியத்தை எதிர்த்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. முடிவு நாடாளுமன்றத்துக்கே உரியது என்ற நிலைப்பாடு சட்டப்படி சரியானதுதான். அதனால்தான் இந்த மடலை வழக்காக எழுதாமல் வேண்டுகோளாக எழுதுகிறேன். ஓய்வூதியம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்த அரசு ஊழியர்களைத் தம் ஊதியத்திலிருந்து பங்களிப்புச் செலுத்தச் சொன்ன இதே மாநிலத்தில், முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியம் பங்களிப்பு ஏதுமின்றித் தொடர்ந்தது. 2017 அறிவிப்பில் அது ரூ.12,000இலிருந்து ரூ.20,000ஆகவும் உயர்ந்தது. அதுபோல, மாநகராட்சி உறுப்பினருக்கு ரூ.10,000, நகராட்சி உறுப்பினருக்கு ரூ.5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு ரூ.2,500 என்று மதிப்பூதியம் 2023இல்தான் கிடைத்தது. அவர்களும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்களே. தமக்கான தொகையைத் தாமே எழுதிக்கொள்ளும் உரிமை இல்லாததால் அவர்கள் காத்திருக்க நேர்ந்தது.

என் வேண்டுகோள் இதுதான். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, உறுப்பினர், அமைச்சர், பேரவைத் தலைவர், துணைத் தலைவர், எதிர்க்கட்சித் தலைவர், அரசுத் தலைமைக் கொறடா ஆகிய அனைவரின் ஊதியம், படி, ஓய்வூதியம் ஆகியவற்றை ஆராயத் தனிக்குழு ஒன்றை அமையுங்கள். சட்டத்தின் மூலம் நிர்ணயிக்க வேண்டும் என்றுதான் அரசமைப்பு கேட்கிறது. நிர்ணயிக்கும் வழிமுறையைச் சட்டம் வகுத்துத் தரலாம் என்பதை 2018இன் குறியீட்டு ஏற்பாடு ஏற்கெனவே காட்டியிருக்கிறது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், தணிக்கைத் துறையில் அனுபவம் உள்ளவர் ஒருவர், பொருளியல் அறிஞர் ஒருவர் ஆகியோருடன், விவசாயத்தையோ கூலி உழைப்பையோ வாழ்வாகக் கொண்டவர் ஒருவரும் அதில் இருக்க வேண்டும். இந்நாள், முன்னாள் உறுப்பினர்கள் இருக்கக் கூடாது. குழு உங்களையும் அழைத்துக் கேட்கட்டும். திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும் மருத்துவமனை வாசலிலும் தொகுதி மக்கள் உங்களிடம் பணம் எதிர்பார்த்து நிற்கும் நெருக்கடி எவருக்கும் தெரியாததன்று. அதையும் மறைக்காமல் அங்கே சொல்லுங்கள். அலுவலக உதவியாளரின் சம்பளம், பயணம் போன்ற உண்மைச் செலவுகளைப் படியாக உங்கள் கையில் தராமல், ரசீதின்பேரில் நேரடியாக வழங்கும் முறையையும் அந்தக் குழு ஆராயட்டும். அமைச்சர்களைப் பொறுத்தவரை வீடு, வாகனம், எரிபொருள் ஆகியவற்றின் மதிப்பையும் சேர்த்தே கணக்குக் காட்டட்டும்.

குழுவின் அறிக்கையைக் காரணங்களோடு தமிழில் அச்சிட்டு அவையில் வைத்து, குறைந்தது ஒரு முழுநாள் விவாதம் நடத்துங்கள். அதன்படி வரும் எந்த மாற்றமும், உயர்வானாலும் குறைப்பானாலும், அடுத்த பொதுத்தேர்தலுக்குப் பின் அமையும் பேரவைக்கே பொருந்தும் என்று சட்டத்திலேயே எழுதிவிடுங்கள். உங்களில் பலர் மீண்டும் வெல்லலாம், சிலர் வெல்லாமல் போகலாம். அந்த இருக்கையில் நாளை யார் உட்காருவார் என்று தெரியாத நிலையில் நீங்கள் எழுதும் தொகையை மக்கள் நம்புவார்கள்.

அடுத்த கூட்டத்தொடரில், எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும் ஓர் உறுப்பினர் இதைத் தனிநபர் சட்டமுன்வடிவாகக் கொண்டுவர முன்வந்தால், ஊதியக் கணக்கிலும் விதிகளிலும் எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதித் தரவும், அழைத்தால் நேரில் வந்து விளக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கருவூலத்துறை ஊழியர் ஒருவர்